வழுக்கும் வைர பிட்

ஓமந்தைப் பக்கம் பாலத்துக்காக நிலம் சோதித்த இடத்தில் எறிந்து கிடந்த பிட் ஒன்றை, அதாவது துளையிடும் குழாயின் நுனியில் பூட்டும் வெட்டுவாயை, உயர்தர மாணவன் ஒருவன் கொண்டுவந்தான். "சேர், வைர பிட் எண்டாங்கள். ஒரு வைரத்தையும் காணேல்லை. தடவினா வழுக்குது. இது எப்பிடிக் கல்லை வெட்டும்?"

குழாய்க்கிணறு அடிக்கிற லொறியில் பெரும்பாலும் இருப்பது வேறு சாமான். அது காற்றழுத்தத்தால் குத்திக் குத்திப் பாறையை நொறுக்கும். வைர பிட் குத்தாது. வளையல் போன்ற வாயால் சுற்றி அரைத்து, நடுக்கல்லை முழு உருளையாக வெளியே தரும்.

செய்முறை சுருக்கமானது. பென்சிற்கரியில் கடைந்த அச்சுக்குள் தங்ஸ்தன் காபைட் தூளையும் செயற்கை வைரக் குறுணிகளையும் கலந்து நிரப்பி, உருக்கு வளையத்தை இருத்தி, செப்புக் கலப்புலோகம் வைத்து, ஏறத்தாழ 1,000 பாகை செல்சியஸில் சுடுவார்கள். உருகிய உலோகம், விளக்குத் திரியில் எண்ணெய் ஊறுவதுபோல, தூளுக்குள் ஊறிவிடும். சூடு மிஞ்சினால் வைரமே பென்சிற்கரியாகத் தொடங்கும். இரண்டும் காபன்தானே!

இனித்தான் எனக்குப் பிடித்த இடம். வைரம் வெட்ட வேண்டுமென்றால் அதைப் பிடித்திருக்கும் உலோகம் தேய வேண்டும். வெளியே நீட்டி நிற்கும் குறுணி பாறையைக் கீறும். கல்மாவும் தண்ணீரும் கலந்த சேறு உலோகத்தை அரிக்கும். குறுணியின் முதுகுப்புறம் மட்டும் அரிபடாமல், வால்வெள்ளியின் வால்போல ஒரு திட்டு முண்டுகொடுத்து நிற்கும். குறுணி மழுங்கிக் கழன்று விழும்போது உள்ளே புதைந்த அடுத்தது தலைகாட்டும். முல்லைத்தீவுக் கரையில் சுறாவின் வாயைப் பிளந்து பார்த்தவருக்கு இந்த ஏற்பாடு விளங்கும்.

ஆகவே கணக்குத் தலைகீழ். கடும் பாறைக்கு மென்மையான உலோகம். சுரசுரப்பான மணற்கல்லுக்கு வன்மையான உலோகம். மாறிப்போட்டால், மணற்கல் உலோகத்தைத் தின்று வைரத்தை வீணே உதிர்க்கும். கடும் பாறையிலோ உலோகம் தேயாது, குறுணி மட்டும் மழுங்கும். பிட் சுழலும், இறங்காது. அனுபவசாலி அப்போது தண்ணீரைச் சற்றுக் குறைத்துச் சேற்றைத் தடிக்கவிடுவார். அளவுக்கு மிஞ்சிக் குறைத்தால் பிட் எரிந்துபோகும்.

தேங்காயைக் கையில் ஏந்தி நீரோட்டம் பார்ப்பவருக்கு நாங்கள் கேள்வி கேளாமல் காசு கொடுக்கிறோம். துளையிலிருந்து வந்த உருளைக்கல்லில் நாலைப் பாடசாலைக்குக் கொடுக்கத்தான் ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

மாணவனின் பிட்டைக் கழுவி உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தோம். வைரங்கள் இருந்தன, உலோகத்தோடு மட்டமாக மழுங்கி. வாலும் இல்லை. உலோகம் முக்கால்வாசி மிச்சம். எங்கள் கருங்கல்லுக்கு யாரோ மணற்கல் பிட்டைப் போட்டிருக்கிறார்கள்.