வறண்ட கண்ணில் நீர் வடிவது ஏன்?

மாலை ஐந்து மணிக்கு மேல் கணினித் திரையில் எழுத்துகள் மங்குகின்றன. கண் கரிக்கிறது, கசக்கினால் நீராய் வழிகிறது. பெரும்பாலோர் இதற்குத் திரையின் ஒளியைத்தான் திட்டுகிறார்கள். கண்ணாடிக் கடைக்காரரும் ஆமாம் போட்டு, நீல ஒளியைத் தடுக்கும் பூச்சு என்று பில்லில் ஒரு தொகையைச் சேர்த்துவிடுகிறார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். இந்தத் தொல்லையில் பெரும்பங்கு ஒளியால் வருவதில்லை. இமைகள் தம் வேலையைச் சரிவரச் செய்யாததால் வருகிறது.

ஜப்பானிய ஆய்வாளர்கள் சுபோட்டாவும் நகமோரியும் அலுவலக ஊழியர்கள் 104 பேரின் இமைப்பை எண்ணி, 1993-இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்குச் சராசரியாக 22 முறை, புத்தகம் படிக்கும்போது 10 முறை, கணினித் திரையைப் பார்க்கும்போது 7 முறை. புத்தகத்திலும்தான் இமைப்பு பாதியாகிறதே, அப்போது கண் இந்தப் பாடு படுவதில்லையே என்று கேட்கலாம். புத்தகத்தைக் குனிந்து படிக்கிறோம். மேல் இமை தாழ்ந்து விழியைப் பாதிக்குப் பாதி மூடியிருக்கும். திரையோ முகத்துக்கு நேரே நிற்கிறது. விழி அகலத் திறந்திருப்பதால் காற்றுபடும் பரப்பு கூடுகிறது. குளிர்சாதன அறையின் உலர்ந்த காற்றும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

கருவிழியைப் போர்த்தியிருக்கும் கண்ணீர்ப் படலத்தின் தடிமன் சுமார் 3 மைக்ரோமீட்டர்தான். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. அதற்குள் அடியில் வழவழப்பான சளி, நடுவில் நீர், மேலே மெல்லிய எண்ணெய் என்று மூன்று வகைப் பொருள்கள். நீர் ஆவியாகாமல் காப்பது எண்ணெய். இமை விளிம்பில் வரிசையாக அமைந்த மெய்போமியன் சுரப்பிகளிலிருந்து, ஒவ்வொரு முழு இமைப்பிலும் துளியளவு பிதுங்கி வந்து அது படலத்தின் மேல் பரவுகிறது. 1666-இல் இவற்றை விரிவாக விவரித்த ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிச் மெய்போமின் பெயரே சுரப்பிக்கும் நிலைத்துவிட்டது. திரையின் முன் இமைப்பு குறைவதோடு அரைகுறையாகவும் ஆகிவிடுகிறது. மேல் இமை பாதிவரை இறங்கி, கீழ் இமையைத் தொடாமலே திரும்பிவிடும். எண்ணெயும் பிதுங்காது, கருவிழியின் கீழ்ப்பகுதியும் நனையாது.

இதைக் கண் மருத்துவமனையில் நேரடியாகப் பார்க்க முடியும். ஃப்ளோரசீன் சாயம் தோய்ந்த, ஆரஞ்சு நுனி கொண்ட காகிதப் பட்டையை மருத்துவர் கீழ் இமையின் உட்புறம் தொட்டு எடுப்பார். ஒரு முறை இமைத்துவிட்டு அப்படியே திறந்து வைத்திருக்கச் சொல்வார். நீல விளக்கின் கீழ் கருவிழி முழுக்கப் பச்சையாக ஒளிரும். சில விநாடிகளில் அந்தப் பச்சையில் கரும்புள்ளி ஒன்று தோன்றும். அது கீறலாகும், அகலும். படலம் அங்கே கிழிந்துவிட்டது என்று பொருள். புள்ளி தோன்ற 10 விநாடிக்கு மேல் ஆனால் நல்லது. 5 விநாடியிலேயே தோன்றினால் சிக்கல்தான். நிமிடத்துக்கு 7 முறை இமைப்பவருக்கு இரண்டு இமைப்புகளுக்கு நடுவே எட்டு விநாடிக்கு மேல் கழிகிறது. படலம் 5 விநாடியிலேயே கிழிந்துவிட்டால், எஞ்சிய நேரமெல்லாம் கருவிழி போர்வையின்றிக் கிடக்கிறது.

உடலிலேயே நரம்பு நுனிகள் மிக நெருக்கமாக அமைந்த இடங்களில் கருவிழியும் ஒன்று. வறட்சி தட்டியதும் அவை அபயக்குரல் கொடுக்க, கண்ணீர்ச் சுரப்பி அவசரமாக நீரைக் கொட்டுகிறது. எண்ணெய் போதாத அந்த நீர் விழியில் தங்காமல் கன்னத்தில் வழிகிறது. வறண்ட கண் அழுவது இதனால்தான். எழுத்து மங்குவதற்கும் பாதிக் காரணம் இதுவே: கண்ணுக்குள் நுழையும் ஒளி முதலில் வளைவது கண்ணீர்ப் படலத்தில், அது மேடுபள்ளமானால் பிம்பம் கலங்கும்.

மீதிக் காரணம் உள்ளே இருக்கிறது. அருகில் பார்க்கும்போது சிலியரி தசை சுருங்கி, லென்ஸைத் தாங்கும் இழைகளைத் தளர்த்த, லென்ஸ் உருண்டு திரள்கிறது. இதை 1855-இல் விளக்கியவர் ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். அரை மீட்டர் தொலைவிலுள்ள திரைக்கு 2 டயாப்டர் (லென்ஸின் ஆற்றலை அளக்கும் அலகு) அளவு முயற்சி தேவை. 6 மீட்டருக்கு அப்பால் ஏறக்குறைய ஒன்றுமில்லை. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தொலைவை இருபது விநாடி பாருங்கள் என்ற அறிவுரையின் கணக்கு இதுதான். மூன்று இருபதுகளும் நினைவில் நிற்பதற்காக அமைந்தவை. கடிகாரத்தை வைத்துக்கொண்டு தவிக்க வேண்டியதில்லை. இரண்டு முறை நன்றாக இமைத்ததும் எழுத்து தெளிந்தால் குறை பெரும்பாலும் படலத்தில். சற்றுநேரம் தொலைவில் பார்த்த பிறகே தெளிந்தால் தசையைச் சந்தேகிக்கலாம்.

நீல ஒளிக் கண்ணாடிக்கு வருவோம். 17 ஆய்வுகளைத் தொகுத்து 2023-இல் வெளியான, மருத்துவ ஆய்வுகளை எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, குறுகிய காலத்தில் அதனால் கண் அயர்ச்சி குறைவதாகத் தெரியவில்லை என்றே கண்டது. பகல் வானம் தரும் நீல ஒளியின் முன் திரை தருவது மிகச் சொற்பம். அந்தக் காசில் திரையைத் தாழ்த்த ஒரு மேசை வாங்கலாம் என்பது என் கட்சி. திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருந்தால் இமை தானாகத் தாழும். மேசை விசிறியும் ஏசிக் காற்றும் முகத்தில் நேரே அடிக்கக் கூடாது.

சுரப்பி அடைத்துக்கொண்டவர்களுக்கு வெதுவெதுப்பான ஈரத்துணி ஒத்தடம் நல்லது. மார்கழியில் பாட்டிலில் உறைந்த தேங்காய் எண்ணெய் வெயிலில் வைத்ததும் இளகுவது போல, இமைக்குள் இறுகிய எண்ணெயும் சூட்டில் இளகும். துணி சீக்கிரம் ஆறிவிடும் என்பதால் ஐந்து முதல் பத்து நிமிடம்வரை மாற்றி மாற்றி நனைத்து வைக்க வேண்டும். சிவப்பை உடனே போக்கும் சொட்டு மருந்துகளை நாடாதீர்கள். அவை இரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. மருந்தை நிறுத்தியதும் சிவப்பு முன்னிலும் அதிகமாகத் திரும்பக்கூடும்.

நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்களின் கதை வேறு. தொலைவு, நடுத்தொலைவு, அருகு மூன்றுக்கும் ஒரே கண்ணாடியில் படிப்படியாகப் பவர் மாறும் புரோகிரஸிவ் கண்ணாடியில் திரைத் தொலைவுக்கான பகுதி ஒடுங்கியது. அதைத் தேடி முகவாயைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, கடைசியில் கழுத்துவலிக்கு மாத்திரை கேட்கிறார்கள். இவர்கள் கணினிக்கென்றே தனிக் கண்ணாடி போட்டுக்கொள்வது மேல். பரிசோதனைக்குப் போகுமுன் கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தை அளவு நாடாவால் அளந்து குறித்துக்கொண்டு போங்கள். அந்த எண்ணை நீங்கள் சொல்லாவிட்டால், பவர் பெரும்பாலும் புத்தகம் பிடிக்கும் தூரத்துக்கே எழுதப்படும்.