டம்பெல் பிடித்துக் குத்துப் பயிற்சி: எவ்வளவு எடை, எவ்வளவு நேரம், எப்போது நிறுத்த வேண்டும்

மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை தாண்டிப் பாறசாலை வரை, மாலையில் பாக்சிங் பழகும் பிள்ளைகளும் இருக்கிறார்கள், ஆசானிடம் அடிமுறை என்ற பாரம்பரியத் தற்காப்புக் கலை பழகும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். தோள் வலி, முழங்கை வலி என்று அவர்கள் சிகிச்சைக்கு வரும்போது நாங்கள் முதலில் கேட்பது: "தம்பி, கையில டம்பெல் பிடிச்சுக் காத்துல குத்துறியா? எத்தனை கிலோ?" இரண்டு கிலோ என்பார்கள், சிலர் மூன்று என்பார்கள். வேகம் கூடும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அந்த எடையில் வேகம் கூடாது. மூட்டுதான் தேயும்.

கணக்கைப் பாருங்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவரின் முழுக் கையும் ஏறக்குறைய 3 கிலோ. மணிக்கட்டுக்குக் கீழே உள்ள பகுதி மட்டும் 360 கிராம் அளவுதான். அதில் 2 கிலோ டம்பெல் கொடுத்தால் முஷ்டியின் எடை ஆறு மடங்கைத் தாண்டிவிடும். அதுவும் தோளிலிருந்து மிகத் தூரத்தில், கையின் நுனியில். தோளைச் சுற்றிக் கையை அசைக்கத் தேவைப்படும் பிரயத்தனம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். முழங்கை அருகே கட்டிய ஒரு கிலோவும் முஷ்டியில் பிடித்த ஒரு கிலோவும் தோளுக்கு ஒன்றல்ல. பயிற்சிக்குப் போடும் 16 அவுன்ஸ் கையுறையே 450 கிராம் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்தது திசை. டம்பெல்லைப் பூமி கீழே இழுக்கிறது, குத்தோ முன்னே போகிறது. ஆகவே நேர்க்குத்தில் அதிகம் களைப்பது கையைத் தாழாமல் தூக்கி வைத்திருக்கும் முன்தோள் தசை. முன்னே தள்ளும் வேலை கூடுவது குத்து கிளம்பும் அந்த ஒரு நொடித் துணுக்கில் மட்டும். பிறகு அதே எடை முன்னே ஓடப் பார்க்கும், அதை நிறுத்தியாக வேண்டும். தொங்கும் குத்துப் பையில் குத்தினால் பை நிறுத்தும். காற்றில் குத்தினால் தோளின் பின்புறச் சிறு தசைகளும் முழங்கை மூட்டின் பின்பக்கமும்தான் பிரேக். எங்களிடம் வருகிற வலிகளில் பெரும்பங்கு இந்த பிரேக் போடும் இடத்தில்தான்.

கீழிருந்து மேலே குத்தும் அப்பர்கட் மட்டும் கொஞ்சம் வேறு. குத்து மேல்நோக்கிப் போவதால் எடை சரியான திசையில் எதிர்க்கிறது, முழங்கையும் மடங்கியே இருக்கிறது. டம்பெல்லோடு செய்யத் தகுந்த குத்து ஒன்று உண்டென்றால் இதுதான். கையை மடக்கிப் பக்கவாட்டில் வளைத்துக் குத்தும் ஹுக் வேண்டவே வேண்டாம். தோளை உயர்த்தி உட்பக்கம் திருப்பும்போது எடையும் சேர்ந்தால், தோள் எலும்புகளுக்கு இடையே தசைநார் நசுங்கும்.

எடையைக் கீழே வைத்ததும் கை பறப்பதுபோல் தோன்றும். அந்த உணர்வை நம்பாதீர்கள். பளு சேர்த்த மட்டையைச் சுழற்றிப் பழகும் பேஸ்பால் ஆட்டக்காரர்களுக்கும் மட்டை லேசானதுபோல் தோன்றும், அளந்து பார்த்தால் வேகம் கூடியிருப்பதில்லை. உங்கள் வேகத்தை நீங்களே அளக்கலாம். செல்போனை ஸ்லோ மோஷனில், நொடிக்கு 240 பிரேமில் வையுங்கள். தோள் உயரத்தில், பக்கவாட்டில், இரண்டு மீட்டர் தள்ளி. முஷ்டி அசைந்த பிரேமிலிருந்து கை முழுக்க நீண்ட பிரேம் வரை எண்ணுங்கள். ஒரு பிரேம் நொடியில் ஆயிரத்தில் நான்கு பங்கு. பத்துக் குத்தின் சராசரியை எழுதி வைத்து, ஆறு வாரம் கழித்து மறுபடி எடுங்கள்.

அப்படியானால் டம்பெல்லுக்கு வேலையே இல்லையா? உண்டு. மூன்று நிமிடச் சுற்றின் கடைசியில் கார்டு, அதாவது முகத்தைக் காக்கத் தூக்கி வைத்த கை, தாழாமல் இருக்கவும், குத்திய கையை அதே பாதையில் கன்னத்துக்குத் திருப்பவும் தோளுக்குத் தாங்குதிறன் வேண்டும். அதற்கு இது உதவும். எடை அரைக் கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ. அரை லிட்டர் பாட்டிலில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பினால் போதும். பாதி நிரப்பினால் தண்ணீர் அலம்பி மணிக்கட்டைத் திருப்பும். நம் ஊர்ப் புழுக்கத்தில் உள்ளங்கை வியர்த்து வழுக்கும், கையைத் துடைத்துக்கொண்டு பிடியுங்கள். வழுக்குகிறது என்று இறுக்கிப் பிடித்தால் முன்கை விறைக்கும், விறைத்த கை மெதுவாகத்தான் போகும்.

வாரத்தில் இரண்டு நாள், நடுவே இரண்டு நாள் இடைவெளி. முதலில் பத்து நிமிடம் கயிறு தாண்டல், தோள் சுழற்றல், ரெசிஸ்டன்ஸ் பேண்டில் (இழுவை ரப்பர் பட்டை) கையை வெளிப்பக்கம் திருப்பும் பயிற்சி 15 முறை, இரண்டு செட். அடுத்து, களைப்பில்லாத நேரத்திலேயே, வெறுங்கையில் முழு வேகம்: 10 நொடி குத்து, 50 நொடி ஓய்வு, ஆறு முறை. வேகத்தை வளர்ப்பது இந்தப் பகுதிதான். டம்பெல் கடைசியில் வரட்டும். 20 முதல் 30 நொடி, நான்கு சுற்று, சுற்றுக்கு நடுவே ஒரு நிமிடம். உங்கள் முழு வேகத்தில் அறுபது சதவீதம் போதும். முழங்கையை முழுதாக நீட்டிப் பூட்டாமல், ஒரு விரற்கடை மடங்கிய நிலையில் திருப்புங்கள். தோள் காதை நோக்கி ஏறினாலோ, குத்து வளைந்து மேலேறினாலோ அந்தச் சுற்று அங்கேயே முடிந்தது. டம்பெல்லைக் கையில் வைத்துக்கொண்டு பையையோ பயிற்சியாளரின் பேடையோ ஒருபோதும் குத்தாதீர்கள். விரல் எலும்பும் மணிக்கட்டும் முறியும்.

பலம் வேறு இடத்திலிருந்து வருகிறது. 1985-இல் வெளியான சோவியத் ஆய்வு ஒன்றில், தேர்ந்த வீரர்களின் குத்தில் கால்களின் பங்கு சுமார் 38 சதவீதம், புதியவர்களிடம் 17 சதவீதத்துக்கும் குறைவு. அடிமுறையில் ஆசான் சுவடு (கால் வைக்கும் முறை) வைக்கச் சொல்லித் தாழ்ந்து நிற்க வைப்பதைப் பிள்ளைகள் சலிப்பாக நினைக்கிறார்கள். குத்தின் கனத்துக்கு அதைவிட நல்ல அஸ்திவாரம் தெரியவில்லை. அதோடு 3 கிலோ மெடிசின் பாலை (கனமான பயிற்சிப் பந்து) இடுப்பைத் திருப்பிச் சுவரில் எறிவது, பக்கத்துக்கு ஐந்து, மூன்று செட். ஜிம்மில் 20 கிலோ பார் ஒன்றின் ஒரு முனையைச் சுவர் மூலையில் ஊன்றி, மறுமுனையைத் தோளருகே பிடித்து, பின்காலை உந்தி ஒரு கையால் முன்னே தள்ளுவது, அதே எண்ணிக்கை. பிளேட் சேர்க்கும் முன் வெறும் பாரில் ஒரு மாதமாவது பழகுங்கள். எத்தனை முறை தள்ளுகிறீர்களோ அத்தனை முறையாவது முதுகுப்பக்கம் இழுக்கும் பயிற்சியும் செய்யுங்கள், பிரேக் போடும் தசைகள் அங்கேதான் இருக்கின்றன.

விடியலில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் டம்பெல் பகுதியை அன்றைக்கு விட்டுவிடுங்கள். கத்தியை இழுத்து இழுத்து மணிக்கட்டும் முன்கையும் ஏற்கெனவே களைத்திருக்கும். வளர்ச்சி முடியாத சிறுவர்கள், தோள் ஒருமுறை விலகியவர்கள், கழுத்திலிருந்து கைக்கு மரத்துப்போகும் தொல்லை உள்ளவர்கள் இதைத் தொடவே வேண்டாம்.

கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது நடுவழியில் குத்தும் வலி, அந்தப் பக்கம் படுத்தால் இரவில் எழுப்பும் வலி, கையை நீட்டியதும் முழங்கையின் பின்னால் சுருக்கென்ற வலி, சுண்டுவிரல் மரத்தல். இவற்றில் ஒன்று வந்தாலும் எடையை வைத்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். எண்ணெய் போட்டுத் தடவினால் தசைப்பிடிப்பு இளகி வலி குறையும். குறைந்தது என்று மறுநாளே டம்பெல்லை எடுப்பதால்தான் பலருக்கு மாதக்கணக்கில் இழுக்கிறது. குறைந்தது இரண்டு வாரம் எடையில்லாமல் இருங்கள். பிறகு வெறுங்கையில் மெதுவாக ஒரு வாரம். வலி திரும்பவில்லை என்றால் அரைக் கிலோவில் 20 நொடி, இரண்டே சுற்று.