புதுச்சேரியில் மனுவை எந்த மொழியில் எழுதலாம்?

புதுச்சேரியில் அரசு அலுவலகத்துக்கு மனு கொடுக்கக் கிளம்புகிறவர்களில் பலர் முதலில் தேடுவது ஆங்கிலத்தில் எழுதித் தர ஓர் ஆளைத்தான், அதற்குக் காசும் கொடுக்கிறார்கள். தேவையே இல்லை. தமிழிலேயே எழுதலாம். மாஹேக்காரர் மலையாளத்திலும் ஏனாம்காரர் தெலுங்கிலும் எழுதலாம், இது எந்த அதிகாரியும் மனமிரங்கித் தரும் சலுகை இல்லை.

ஏன் இத்தனை மொழி என்றால், பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட நான்கு துண்டு நிலங்கள்தான் இந்த யூனியன் பிரதேசம். புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டை ஒட்டி, மாஹே கேரளத்தில் தலச்சேரி பக்கம், ஏனாம் ஆந்திரத்தில் கோதாவரிக் கரையில். 

சரி, சட்டத்துக்கு வருவோம். 1956இல் இந்தியாவும் பிரான்சும் போட்ட ஒப்பந்தம், மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவெடுக்கும்வரை பிரெஞ்சே ஆட்சிமொழி என்றது. 1965இல் வந்த ஆட்சிமொழிச் சட்டம் தமிழை ஆட்சிமொழியாக்கியது, மாஹேயில் மலையாளத்துக்கும் ஏனாமில் தெலுங்குக்கும் இடம் கொடுத்தது, ஆங்கிலமும் தொடரலாம் என்றது. அந்தத் தொடர்ச்சிதான் இன்றைக்கும் கோப்புகளில் ஓங்கி நிற்கிறது என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

இதற்கும் மேலே அரசியலமைப்பின் 350ஆவது பிரிவு இருக்கிறது. குறை தீர்க்கக் கோரும் மனுவை, ஒன்றியத்திலோ அந்த மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும், எந்த அதிகாரியிடமும் கொடுக்கலாம். ஆகவே புதுச்சேரி நகரில் குடியிருக்கும் தெலுங்குக் குடும்பமும் நகராட்சிக்குத் தெலுங்கிலேயே எழுதலாம். ஆனால் பதிலும் அதே மொழியில் வரும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. அதனால் மனுவின் கடைசி வரியில் ‘பதிலைத் தமிழில் தர வேண்டுகிறேன்’ என்று எழுதிவிடுங்கள், தமிழ் ஆட்சிமொழியாக இருக்கும் இடத்தில் அது நியாயமான கோரிக்கை.

தகவல் உரிமைச் சட்டத்தில் விதி கொஞ்சம் வேறு. ஆங்கிலம், இந்தி, அல்லது அந்தப் பகுதியின் ஆட்சிமொழி, இவற்றில் ஒன்றில்தான் விண்ணப்பம் இருக்க வேண்டும். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தில் கொண்டுவரப் பொதுத் தகவல் அலுவலர் உதவியே ஆக வேண்டும், அதுவும் சட்டத்திலேயே இருக்கிறது. பதிலுக்குப் பொதுவாக 30 நாள்.

பழைய பிறப்பு, திருமணப் பதிவுகள் பிரெஞ்சில் இருக்கும். தாத்தா காலத்துப் பதிவின் நகலை வாங்கி வேறு அலுவலகத்தில் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், மொழிபெயர்ப்பும் வேண்டுமா என்று அங்கே முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அப்புறம், மனுவை இரண்டு படி எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். தமிழில் இருக்கிறது என்று சொல்லி வாங்க மறுத்தால், அந்தக் காரணத்தையே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.