பேட்டையில கடை போடப் போறீங்களா? மொதல்ல கதவ எண்ணுங்க

போன மாசம் ஒரு தம்பி வந்தாரு. சிங்கப்பூர் செங்காங்ல வீடு, பதினோரு வருஷமா லாஜிஸ்டிக்ஸ்ல வேலை, இனிமே ஓட முடியாதுண்ணே, வீட்டுக்குக் கீழயே ஒரு மளிகைக் கடை போட்டு உக்காந்துடலாம்னு இருக்கேன், வாடகை லிட்டில் இந்தியா தேக்காவ விட கம்மி, பொண்ணோட ஸ்கூல் எதுத்தாப்ல, அம்மா பத்தாவது மாடில இருக்காங்க, மத்தியானச் சாப்பாடு லிஃப்ட்ல எறங்கி வந்துடும்னு சிரிச்சாரு. கையில லெட்டர் ஆஃப் இன்டென்ட், கடைய எடுத்துக்கிறேன்னு ஓனருக்குக் குடுக்குற கடுதாசி, ரெடியா இருந்துச்சு. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

நான் சின்னக் கடைங்களுக்குக் கணக்கு எழுதுறவன். வியாபாரம் பதியிற அரசாங்க ஆஃபீஸ் அக்ரால பேரு பதிஞ்சு குடுக்குறது, வருஷா வருஷம் வருமான வரி போடுறது, இதான் பொழப்பு. இப்படி வர்றவங்கள நான் வேணாம்னு சொல்றதில்ல, ஏன்னா அந்த ஆசைல தப்பே இல்ல. இந்த ஊர்ல பத்துல எட்டுப் பேரு கிட்ட எச்டிபி, அதாவது அரசாங்க வீட்டு வாரியம் கட்டுன வீட்லதான் இருக்கோம், 1960லேந்து கட்டிக்கிட்டே வர்றாங்க, ஒவ்வொரு டவுனுக்கும் நடுவுல ஒரு பெரிய சென்டர், அதச் சுத்தி பேட்டைங்க, அதாவது வீட்டு புளோக்குங்க சேந்த வட்டாரங்க, அதுல சின்னச் சின்ன கடைங்க, ஈரச்சந்தை, காப்பிக்கடை, கிளினிக்னு யோசிச்சுப் போட்டது. 1991 திட்டத்துலயே வேலையும் ஊருக்கு நடுவுல மட்டும் இருக்கக் கூடாதுன்னு தெம்பனிஸ், உட்லண்ட்ஸ், ஜூரோங் ஈஸ்ட் எல்லாத்தையும் வட்டார மையமா வளக்கணும்னு எழுதிட்டாங்க. ஆக டவுன்லயே இருந்து டவுன்லயே சம்பாதிக்கலாம்ங்கிறது வெறும் கனவு இல்ல, ஊரே அப்படி நெனச்சுத்தான் கட்டியிருக்கு.

ஆனா பேட்டைக் கடைக்கு வாடிக்கையாளர் எம்ஆர்டி ரயில் ஏறி வர மாட்டாங்க. ஸ்லிப்பர் போட்டுக்கிட்டு கைய வீசிக்கிட்டு அஞ்சு நிமிஷத்துல நடந்து வர்றவங்கதான் உங்க மொத்த உலகம். அதனால நான் கேக்குற மொதக் கேள்வி வாடகை எவ்ளோன்னு இல்ல, சுத்தி எத்தன கதவு இருக்குன்னுதான்.

தம்பிகிட்டயும் கேட்டேன். பத்து புளோக் இருக்கும்ணே, புளோக்குக்கு நூறு வீடுன்னு வச்சுக்கங்க, ஆயிரம் வீடுன்னாரு. சரி, அதுல நம்ம ஆளுங்க எத்தன வீடு? முழிச்சாரு. இது யாரும் யோசிக்காத எடம். 1989லேந்து எச்டிபி வீடு வாங்குறதுல இன ஒதுக்கீடு இருக்கு, இந்தியர், மத்த இனத்தவர் ரெண்டும் சேத்தே ஒரு பேட்டைல 12 சதவீதம், ஒரு புளோக்ல 15 சதவீதம்தான் உச்சம். ஊர்லேந்து வேலைக்கு வந்து வாடகைக்கு இருக்குறவங்க இருக்காங்களேன்னா, முழு வீட்ட வெளிநாட்டுக்காரங்களுக்கு வாடகைக்கு விடுறதுக்கும் தனி வரம்பு உண்டு, பேட்டைக்கு 8, புளோக்குக்கு 11. அப்ப ஆயிரம் வீட்ல நூத்தி இருவதுன்னே வைங்க. அதுல தோசை மாவும் கருவேப்பிலையும் வாராவாரம் தேடுறவங்க எம்பது. அதுல பாதிப் பேரு ஞாயித்துக்கிழமை எப்படியும் தேக்கா போயிடுவாங்க, அங்க போனாத்தான் அவங்களுக்கு ஞாயித்துக்கிழமை மாதிரியே இருக்கும். மிச்சம் நாப்பது வீடு. வீட்டுக்கு மாசம் இருநூறு வெள்ளி (டாலர்)ன்னா எட்டாயிரம் வெள்ளி வியாபாரம், கால்வாசி லாபம்னாலும் ரெண்டாயிரம். வாடகை அஞ்சாயிரம்.

கால்குலேட்டர அவர் பக்கம் திருப்பி வச்சேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்பறம் "அப்ப போட வேணாம்னு சொல்றீங்களாண்ணே"ன்னாரு.

போடுங்க, ஆனா நாப்பது வீட்ட நம்பிப் போடாதீங்க. புளோக்குக்குக் கீழ தெறந்த தளம், அந்த வாய்ட் டெக்ல இருந்த மாமா கடைங்கள நெனச்சுப் பாருங்க, பேருதான் நம்ம பேரு, ரொட்டி, முட்டை, ஐஸ்கிரீம், பேட்டரி, மொத்த புளோக்கும் வந்து வாங்குச்சு, எல்லா மொழியிலயும் எண்ணத் தெரிஞ்ச மாமாதான் பொழச்சாரு. ஈசூன்ல எனக்கு ஒரு கிளையன்ட் அக்கா இருக்காங்க, அவங்க கடைல மஞ்சத்தூள் கடைக்குள்ள பின்னாடி ஷெல்ஃப்ல, வாசல்ல வெங்காயம், இஞ்சி, முட்டை, ரொட்டி. சீன ஆண்ட்டி வெங்காயம் வாங்க வந்து கறித்தூள் வாங்கிட்டுப் போவாங்க, மலாய்க்கார மக்சிக் நெய்யும் ஏலக்காயும். வெள்ளிக்கிழமை காலைல மட்டும் மல்லிப்பூவும் வாழை இலையும் முன்னாடி வரும், பத்து மணிக்குள்ள தீந்துடும். இன்னொண்ணு, சிடிசி பற்றுச்சீட்டு, அரசாங்கம் வீட்டுக்கு வீடு குடுக்குற வவுச்சர். 2025 மே மாசம் வீட்டுக்கு 500 வெள்ளி குடுத்தாங்களே, அதுல பாதி சூப்பர்மார்க்கெட்டுக்கு, பாதி உணவங்காடிக்கும் பேட்டைக் கடைங்களுக்கும். பேட்டைல இருக்குறதால கெடைக்கிற லாபம் அது, ஆனா கடை அதுல சேந்திருக்கணும், சிடிசி ஸ்டிக்கர் வாசல்ல கண்ணுல படுற மாதிரி ஒட்டியிருக்கணும். அக்கா சேந்த மாசம் கணக்குலயே வித்தியாசம் தெரிஞ்சுச்சு.

புது டவுன்னா இன்னும் கவனம். தெங்கால மொத ஆளுங்க சாவி வாங்குனது 2023ல, அந்த மாதிரி எடத்துல கட்டடம் நின்னுட்டா வீடு நெறஞ்சுட்டதா அர்த்தம் இல்ல. சாவி வாங்கி, ரெனவேஷன் முடிச்சு, நல்ல நாள் பாத்து பால் காச்சி வர்றதுக்குள்ள பல மாசம் ஓடிடும், உங்க வாடகை மட்டும் மொத மாசத்துலேந்து ஓடும். சாயங்காலம் ஏழரைக்குப் போயி கீழ நின்னு லைட் எரியிற வீட்ட எண்ணுங்க, அது எந்த ஏஜென்ட்டும் சொல்லாத கணக்கு. கூரை போட்ட நடபாதை எந்தப் பக்கமா போகுதுன்னும் பாருங்க. மழை பெஞ்சா மொத்த சனமும் அதுலதான் நடக்கும், அதுலேந்து இருவது அடி தள்ளி இருக்குற கடைக்கு யாரும் நனைஞ்சுக்கிட்டு வர மாட்டாங்க.

இப்ப பேப்பருக்கு வருவோம். 90கள்ல எச்டிபி நெறைய கடைங்கள வித்துடுச்சு, அதனால உங்க ஓனர் எச்டிபியா தனி ஆளான்னு மொதல்ல பாருங்க. ஓனர் ஜிஎஸ்டி பதிஞ்சவரா? அப்படின்னா அஞ்சாயிரம் வாடகைக்கு மேல 9 சதவீதம், மாசம் 450, வருஷத்துக்கு 5,400 வெள்ளி. பத்து லட்சம் வெள்ளிக்குக் கீழ வியாபாரம் பண்ற நீங்க ஜிஎஸ்டி பதியலேன்னா அந்தக் காசு திரும்ப வராது. முத்திரை வரி இன்னொண்ணு, நாலு வருஷம் வரைக்கும் உள்ள லீஸுக்கு மொத்த வாடகைல 0.4 சதவீதம், இங்க கையெழுத்துப் போட்டா 14 நாளைக்குள்ள கட்டணும். ரெண்டு வருஷம் அஞ்சாயிரம்னா 480 வெள்ளிதான், ஆனா கட்டாம விட்டா அபராதம், பின்னாடி தகராறுன்னு வந்தா அந்த லீஸ கோர்ட்ல காட்டவும் முடியாது. 2024 பிப்ரவரிலேந்து கடை வாடகைக்கு நடத்தை விதி சட்டமாவே இருக்கு, ஒரு வருஷத்துக்கு மேல உள்ள லீஸுக்கு. இந்தத் தொகை இல்லேன்னா வியாபாரத்துல இத்தன சதவீதம், எது ஜாஸ்தியோ அதுன்னு எழுதுற பழைய தந்திரம் செல்லாது.

எனக்கு வயிறு எரியிற விஷயம் டேக்ஓவர் காசு. என் கிளையன்ட் ஒருத்தரு பழைய கடைக்காரருக்கு நாப்பதாயிரம் வெள்ளி குடுத்து, ரேக்கு, ஃப்ரீசர், "குட்வில்" எல்லாத்தையும் எடுத்தாரு. லீஸ்ல மிச்சம் எட்டே மாசம்னு அவர் படிக்கல, எங்கிட்ட காட்டவும் இல்ல. எட்டு மாசம் முடிஞ்சதும் ஓனர் வாடகைய ஏத்துனாரு, ஃப்ரீசர் அதுக்கு முன்னாடியே செத்துப் போச்சு. லீஸ் எப்ப முடியுது, புதுப்பிக்கிற உரிமை எழுத்துல இருக்கா, கடைக்கு எந்த வியாபாரத்துக்கு அனுமதின்னு பாத்துட்டுத்தான் காசு குடுக்கணும், அதுவும் ஓனர் உங்க பேர்ல லீஸ் போட ஒத்துக்கிட்டப்பறம்.

கடையே வேணாம், வீட்லயே பண்றேன்னா அதுக்கும் வழி இருக்கு. கேக், தையல், டியூஷன் மாதிரி சின்ன வேலைக்கு எச்டிபி அனுமதி வாங்க வேண்டியதில்ல, ஆனா வெளியாள வேலைக்கு வைக்கக் கூடாது, போர்டு மாட்டக் கூடாது, டியூஷன்னா ஒரே நேரத்துல மூணு பிள்ளைங்கதான். எட்டுப் பிள்ளைங்க செருப்பு காரிடார்ல கெடந்தா பக்கத்து வீட்டுக்காரரு ஃபோன் எடுத்துடுவாரு. நான் பண்ற மாதிரி ஆஃபீஸ் வேலைன்னா ஹோம் ஆஃபீஸ் திட்டத்துல பதிஞ்சுக்கலாம், 20 வெள்ளி, வெளியாளு ரெண்டு பேரு வரைக்கும் வச்சுக்கலாம்.

தம்பி அன்னிக்குக் கையெழுத்துப் போடல. ரெண்டு வாரம் கழிச்சு வாட்ஸ்அப் வந்துச்சு, அதே பேட்டைல எம்ஆர்டி பக்கம் வேற கடை பாத்திருக்காராம். "அண்ணே, ஏழுலேந்து எட்டு வரைக்கும் நின்னேன், 214 பேரு போனாங்க, அதுல நம்ம ஆளுங்க 19. நல்ல மழை." நடபாதைக்கு எந்தப் பக்கம்னு கேட்டு அனுப்பியிருக்கேன்.