ஒரே போதை, ஊருக்கு ஊர் வேறு சாவுக் கணக்கு

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், நிலக்கரிச் சுரங்கங்கள் சூழ்ந்த மலைப்பகுதியில் கெர்மிட் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 400. அங்கிருந்த ஒரு மருந்துக்கடையில் இரண்டே ஆண்டுகளில் ஏறக்குறைய 90 லட்சம் ஹைட்ரோகோடோன் வலிமாத்திரைகள் வந்து இறங்கின. 2007 முதல் 2012 வரை அந்த மாநிலத்துக்கு மொத்தம் 78 கோடி ஓபியாய்டு (அபினைப் போல வேலை செய்யும் மருந்து) வலிமாத்திரைகள் போயிருக்கின்றன. கைக்குழந்தையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் தலைக்கு 433.

சரி, 2022-க்கு வருவோம். போதைப்பொருள் உடம்பு தாங்கும் அளவை மீறியதால் மேற்கு வர்ஜீனியாவில் ஒரு லட்சம் பேருக்குச் சுமார் 81 பேர் இறந்தார்கள். தெற்கு டகோட்டாவில் சுமார் 11 பேர்தான். முதியோர் அதிகமுள்ள இடம், இளைஞர் அதிகமுள்ள இடம் என்ற வித்தியாசத்தைச் சரிக்கட்டிய பிறகு வரும் கணக்கு இது. அதே நாடு, ஆனால் ஏழு மடங்கு வித்தியாசம். மேற்கு வர்ஜீனியாக்காரர்கள் ஏழு மடங்கு அதிகமாகப் போதைக்கு அடிமையானார்கள் என்று இதற்குப் பொருளில்லை. எத்தனை பேர் உபயோகிக்கிறார்கள் என்பது ஒரு கணக்கு, எத்தனை பேர் சாகிறார்கள் என்பது வேறொரு கணக்கு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பழி எப்போதும் இறந்தவர் தலையிலேயே விழுகிறது.

ஆள் எப்படி இறக்கிறார் என்று பார்த்தால் இது புரியும். இரத்தத்தில் கரியமில வாயு ஏறினால் ‘மூச்சை இழு’ என்று உத்தரவிடுவது மூளைத்தண்டு. தூக்கத்தில்கூட அது ஓயாது. ஹெராயின், ஃபென்டானில் போன்ற ஓபியாய்டுகள் அந்த உத்தரவை மழுங்கடித்துவிடும். மூச்சு நிமிடத்துக்கு எட்டு, ஆறு, நான்கு என்று குறையும். தொண்டையில் குறட்டை போல ஒரு களகள சத்தம் கேட்கும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். பக்கத்து அறையில் இருப்பவர் ‘நன்றாகத் தூங்குகிறான்’ என்று நினைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போவதும் உண்டு.

தினமும் உபயோகிப்பவரின் உடம்பு ஓரளவு பழகிப்போயிருக்கும். அந்தப் பழக்கம் விட்டுப்போனால், முன்பு தாங்கிய அதே அளவே கொன்றுவிடும். வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து வெளிவந்தவர்களை ஆராய்ந்து 2007-ல் ஓர் ஆய்வு வெளியானது. விடுதலையான முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் இப்படி இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 129 மடங்கு. எந்தத் தெருவிலிருந்து அதிகம் பேர் சிறைக்குப் போய் வருகிறார்களோ, அந்தத் தெருவில் சாவும் அதிகம் என்பது இதிலிருந்தே தெரியும்.

அப்புறம் எந்த ஊருக்கு எந்தச் சரக்கு போகிறது என்ற விஷயம். ஆக்சிகோன்டின் என்ற ஓபியாய்டு வலிமாத்திரை 1996-ல் சந்தைக்கு வந்தது. அப்போது கலிபோர்னியா, டெக்சாஸ், நியூயார்க், இல்லினாய், ஐடஹோ ஆகிய ஐந்து மாநிலங்களில் இத்தகைய மாத்திரை எழுத மருத்துவர் மூன்று பிரதியுள்ள தனிச் சீட்டில் எழுத வேண்டும், ஒரு பிரதி அரசுக்குப் போகும். இது மருத்துவர்களுக்குத் தொல்லையாக இருந்ததால் தயாரிப்பாளரான பர்டூ நிறுவனம் அந்த மாநிலங்களில் விளம்பரத்தைக் குறைத்துக்கொண்டது. பிந்தைய ஆண்டுகளில் அங்கே சாவு எண்ணிக்கை மற்ற மாநிலங்களைவிட மெதுவாகவே ஏறியது. ஒரு காகிதச் சீட்டு எத்தனை உயிரைக் காத்திருக்கிறது என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

ஃபென்டானில் வந்த கதையும் இப்படித்தான். மிசிசிப்பி நதிக்குக் கிழக்கே விற்றது வெள்ளைத்தூள் ஹெராயின், மேற்கே விற்றது தார் போல ஒட்டும் கறுப்பு ஹெராயின். ஃபென்டானிலும் வெள்ளைத்தூள்தான்; ஹெராயினைவிடச் சுமார் 50 மடங்கு வீரியம். தூளில் தூள் எளிதாகக் கலக்கும், கலந்தது கண்ணுக்கும் தெரியாது. அதனால் 2013-14 வாக்கிலேயே கிழக்கு மாநிலங்களில் சாவு எகிறியது. மேற்கில் அது சில ஆண்டுகள் கழித்து, பெரும்பாலும் போலி மாத்திரை வடிவில் பரவியது.

கறுப்பின மக்களுக்கு நடந்ததைப் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. கறுப்பின நோயாளி வலி என்று சொன்னால் பல மருத்துவர்கள் முழுசாக நம்பவில்லை, மாத்திரையும் குறைவாகவே எழுதினார்கள். அந்தப் பாரபட்சத்தால், வலிமாத்திரைகள் கொன்ற முதல் அலையில் அவர்களின் சாவு விகிதம் வெள்ளையரைவிடக் குறைவாக இருந்தது. பிறகு தெரு ஹெராயினிலும் கொக்கெயினிலும் ஃபென்டானில் கலந்தது. பால்டிமோரில் 1970-களிலிருந்து ஹெராயினோடு எப்படியோ காலம் தள்ளி வந்த வயதான ஆண்கள், தாங்கள் வாங்கும் பொட்டலம் மாறிப்போனது தெரியாமலேயே கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். 2020-ல் கறுப்பினத்தவரின் விகிதம் வெள்ளையரைத் தாண்டிவிட்டது. 2022-ல் லட்சத்துக்கு வெள்ளையர் சுமார் 36, கறுப்பினத்தவர் சுமார் 47. இரு தரப்பினரிலும் போதைப் பழக்கம் உள்ளவர்களின் விகிதம் ஏறக்குறைய ஒன்றுதான்.

சிகிச்சையிலும் இதே பிளவு. போதை ஏக்கத்தை அடக்க இரண்டு மருந்துகள் உண்டு: புப்ரெனார்ஃபின், மெத்தடோன். புப்ரெனார்ஃபினை மருத்துவரிடம் சீட்டு வாங்கி வீட்டிலேயே சாப்பிடலாம். அது பெரும்பாலும் காப்பீடு உள்ள வெள்ளையருக்குக் கிடைத்தது. கறுப்பினத்தவருக்குப் பெரும்பாலும் மிஞ்சிய மெத்தடோனுக்கோ பலர் தினமும் தனிக் கிளினிக்கில் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது.

எல்லோரையும்விட அதிகம் இழந்தவர்கள் பூர்வகுடி மக்கள். 2022-ல் லட்சத்துக்குச் சுமார் 65. இதுகூட முழுக் கணக்கில்லை. இறப்புச் சான்றிதழில் பலரின் இனத்தைத் தவறாக ‘வெள்ளையர்’ என்று எழுதிவிடுகிறார்கள்.

நின்றுபோன மூச்சைத் திரும்பக் கொண்டுவர மருந்து இருக்கிறது. நலோக்சோன். மூளையில் ஓபியாய்டு உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து அதைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். மூக்கில் தெளித்த சில நிமிடங்களில் ஆள் கண் விழிப்பார். 2023 முதல் அமெரிக்காவில் சீட்டு இல்லாமலே வாங்கலாம். ஆனால் தெளிக்க ஒரு கை வேண்டும். பூட்டிய அறைக்குள் தனியாக இருப்பவருக்கும், ஆம்புலன்ஸ் வர ஒரு மணிநேரம் ஆகும் கிராமத்துக்காரருக்கும் இது எட்டுவது கடினம். போலீஸுக்குப் பயந்து கூட இருந்தவர்கள் ஓடிவிட்டாலும் இதே கதிதான்.

2023-ல் ஏறக்குறைய 1,05,000 ஆக இருந்த நாட்டின் சாவு எண்ணிக்கை 2024-ல் 80,000 அளவுக்கு இறங்கியது. ஆனால் நாட்டின் கணக்கு லேசாக இறங்கத் தொடங்கிய அதே 2023-ல், ஃபென்டானில் தாமதமாகப் போய்ச் சேர்ந்த அலாஸ்கா, ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களில் சாவு கால் பங்குக்கு மேல் ஏறியிருந்தது.