ரோட்டர்: தமிழில் கிடைச்சுழல்

மலைப்பகுதியில் நடக்கும் சிறு விமான விபத்துகளைப் பற்றிப் படித்தால் ‘ரோட்டர்’ என்ற சொல் கண்ணில் படும். ஹெலிகாப்டரின் தலைக்கு மேல் சுற்றுவதற்கும் இதே பெயர்தான். அதனால் ஏதோ இயந்திரக் கோளாறு என்று நினைத்துவிட வாய்ப்பு உண்டு. ஆனால் இங்கே அது ஒருவகைக் காற்று.

லத்தீனில் ‘ரோட்டா’ என்றால் சக்கரம்; அதன் வினை ‘ரோட்டாரே’, சுழற்றுதல். அந்த வழியில் ஆங்கிலத்துக்கு வந்த ‘ரோட்டேட்டர்’ சுருங்கி ரோட்டர் ஆனது.

பலத்த காற்று மலைத்தொடரைக் குறுக்கே தாண்டும்போது, மேலுள்ள காற்றடுக்கு நிலையாக, அதாவது மேலே தள்ளினாலும் பழைய உயரத்துக்கே திரும்புவதாக, இருந்தால், மறுபக்கத்தில் அலையலையாக ஏறி இறங்கும். இது மலையலை. அலை முகட்டின் அடியில், தாழ்வான உயரத்தில், காற்று மலைத்தொடருக்கு இணையாகப் படுத்தபடி ரோடு ரோலர் உருளை மாதிரி சுழலும். அதுதான் ரோட்டர். ஈரம் இருந்தால் அங்கே கிழிசலான மேகம் ஒன்று உருவாகிக் காட்டிக்கொடுக்கும். வறண்ட நாளில் அதுவும் இராது. வானம் பளிச்சென்று இருக்கும், ஆபத்து அப்படியே இருக்கும்.

1950களில் அமெரிக்காவின் சியரா நெவாடா மலைத்தொடரில், கிளைடர் எனப்படும் எஞ்சின் இல்லாத விமானங்களில் பறந்தே இதை ஆராய்ந்தார்கள். 1955 ஏப்ரல் 25 அன்று லாரி எட்கர் ஓட்டிய கிளைடர் ரோட்டருக்குள் உடைந்து சிதறியது; அவர் பாராசூட்டில் இறங்கி உயிர் தப்பினார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘சுழலி’ மோட்டாரின் சுழலும் பாகத்துக்குப் பொருந்தும். ‘இ’ விகுதி சுழலும் ஒரு பொருளைக் காட்டுகிறது. ‘சுழல்காற்று’ என்றால் தூசியைக் கிளப்பிக்கொண்டு தூணாக எழும் காற்றுதான் மனதில் வரும். ‘சூறாவளி’யோ புயலின் பக்கம் போய்விட்டது. இதன் அடையாளமே அச்சு கிடையாக இருப்பது. ஆகவே ‘கிடைச்சுழல்’ என்பதே என் தேர்வு. மேகத்தைக் கிடைச்சுழல் மேகம் எனலாம்.

ஒரு எச்சரிக்கை. மலையலை விபத்துகள் எல்லாவற்றையும் இந்தச் சொல்லுக்குள் அடைக்கக்கூடாது. 1978 டிசம்பர் 4 அன்று கொலராடோவின் ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸிலிருந்து 22 பேருடன் கிளம்பிய ட்வின் ஆட்டர் விமானம் பஃபலோ கணவாய் அருகே விழுந்தது. இருவர் இறந்தார்கள். விமானத்தில் பனி உறைந்ததும், மலையலையின் இறங்குகாற்றும் சேர்ந்து, உயரத்தைத் தக்கவைக்க முடியாமல் செய்துவிட்டன. சிறு விமானத்தின் ஏறும் வேகத்தைவிட இறங்குகாற்றின் வேகம் கூடினால், எஞ்சினை முழு விசையில் ஓட்டினாலும் விமானம் கீழேதான் போகும். கிடைச்சுழல் செய்வது வேறு: விமானத்தைக் கண்டபடி உலுக்கும், புரட்டும், சில சமயம் உடைத்தே விடும். செய்திகளில் இரண்டையும் ‘டர்புலன்ஸ்’ (காற்றுக் கொந்தளிப்பு) என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள்.