அலையாத்தி இலை எதுவரை இறாலாகிறது?

பினாங்கில் அலையாத்திக் காட்டை அழித்து ஏதாவது கட்டப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தால், ‘காடு போனால் இறாலும் போகும்’ என்பார்கள் கடலோரத்தில் இருப்பவர்கள். நானும் அந்தக் கட்சிதான். ஆனால் காட்டில் உதிரும் இலை உண்மையிலேயே இறாலின் சதையாக மாறுகிறதா, கரையிலிருந்து எவ்வளவு தூரம்வரை மாறுகிறது என்பதை அளந்தே சொல்லலாம். அப்படி அளந்து பேசினால்தான் காட்டுக்காக வாதாடுவது எடுபடும்.

வயிற்றைக் கீறிப் பார்த்தால் போதாதா? போதாது. இறால் தின்றதை அரைத்துக் கூழாக்கிவிடும். அங்கே கிடப்பதும் கடைசியாகத் தின்றது மட்டுமே. தின்றதெல்லாம் உடம்பில் ஒட்டுவதுமில்லை. நார் மிகுந்த இலைத்துணுக்கு செரிக்காமலே வெளியேறலாம். சதை அப்படியில்லை, பல வாரங்கள் உண்டது அதில் சேர்ந்திருக்கிறது.

அந்தச் சதையைப் படிக்க உதவுபவை நிலையான ஐசோடோப்புகள், அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட, சிதையாத அணுக்கள். கார்பன் அணுக்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 99 கார்பன்-12. மீதி, ஒரு நியூட்ரான் கூடுதலான கார்பன்-13. இது கதிர்வீசாது, சிதையாது. ஒளிச்சேர்க்கையின்போது செடிகள் கனமானதைக் கொஞ்சம் ஒதுக்குகின்றன. எவ்வளவு ஒதுக்குகின்றன என்பதில்தான் விஷயம் இருக்கிறது. காற்றிலிருந்து கரியமில வாயுவைத் தாராளமாகப் பெறும் பாக்காவ் என்ற அலையாத்தி மரம் நிறையவே ஒதுக்கும். நீருக்குள் அது எளிதில் கிடைக்காத கடற்புல்லுக்கு அவ்வளவு ஒதுக்க வசதியில்லை. ஒரு பொது அளவுகோலோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை ஆயிரத்துக்கு எத்தனை என்று எழுதுவார்கள்: அலையாத்தி இலை மைனஸ் 28ஐ ஒட்டி, கடலின் மிதவைப் பாசி மைனஸ் 21 அளவில், கடற்புல் மைனஸ் 11 வாக்கில். தின்கிற உயிருக்கு இந்த எண் பெரிதாக மாறாமல் போய்ச் சேரும், ஒரு படிக்கு அதிகம் போனால் 1 கூடும்.

நைட்ரஜன் சொல்வது வேறு. உயிர்கள் கழிவை வெளியேற்றும்போது இலேசான நைட்ரஜன்-14 கூடுதலாகப் போய்விடுகிறது, நைட்ரஜன்-15 உடம்பில் தங்குகிறது. அதனால் உணவுச் சங்கிலியில் ஒவ்வொரு படிக்கும் சராசரியாக 3.4 ஏறும். நெத்திலியைத் தின்று வளரும் தெங்கிரி மீனில் எண் நெத்திலியைவிட அந்த அளவுக்கு மேலே நிற்கும்.

ஆய்வகத்தில் சதைத் துண்டைச் சுமார் 60 டிகிரியில் உலர்த்திப் பொடியாக்குகிறார்கள். ஓட்டுத்துண்டு ஒட்டியிருக்கக் கூடாது, ஓட்டிலுள்ள சுண்ணாம்பு கணக்கைக் கெடுக்கும். கொழுப்பில் கார்பன்-13 குறைவு என்பதால் அதையும் கவனிக்க வேண்டும். அப்புறம் ஒரு மில்லிகிராம் அளவு பொடியை வெள்ளீயப் பொதியில் மடித்து, 1000 டிகிரி உலையில் எரிக்கிறார்கள். வரும் வாயுவை மின்னேற்றிக் காந்தப்புலத்தில் செலுத்தினால் இலேசானது அதிகம் வளையும், கனமானது குறைவாக வளையும். இரண்டையும் தனித்தனியே எண்ணிவிடலாம்.

மலேசியக் கடலோரத்தில் இந்த முறை புதிதல்ல. மலாயாப் பல்கலைக்கழகத்தின் சசேகுமார் இடம்பெற்ற குழு 1984இலேயே இங்குள்ள அலையாத்திக் காடுகளில் கார்பனை வைத்து இதைப் பார்த்தது. காட்டுக்குள்ளும் ஓடைகளிலும் வாழும் உயிர்களில் மர இலையின் கார்பன் தெளிவாகத் தெரிந்தது. கரையை விட்டு விலக விலக அது குறைந்து, வெளிக்கடலில் மிதவைப் பாசியின் கார்பனே மிஞ்சியது. ஆக, அலையாத்தி மலாக்கா நீரிணை முழுவதற்கும் சோறு போடுகிறது என்பது மிகை. அதனால் காட்டின் மதிப்பு குறைந்துவிடாது. இறால் குஞ்சுகள் வளரும் இடமே அந்த ஓடைகள்தான். அங்கே தீனியோடு ஒளிந்துகொள்ள வேரும் கலங்கல் நீரும் கிடைக்கின்றன. இதைச் சொன்னாலே போதும், மிகைப்படுத்தத் தேவையில்லை.

எண்ணை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லவும் முடியாது. ஊர்ச் சாக்கடை கலக்கும் இடத்தில் நைட்ரஜன்-15 அடிமட்டத்திலேயே உயர்ந்துவிடும். அங்குள்ள உயிர் ஒரு படி மேலே இருப்பதுபோலத் தோன்றும். அதனால் சார் குவே தியாவில் போடுகிறார்களே, அந்த கெராங் போன்ற சிப்பியை அதே இடத்தில் எடுத்து, அதன் எண்ணை ஒப்பிடும் அடிப்படையாக வைத்துக்கொள்கிறார்கள்.

இன்னொரு சிக்கல், கலவை. இலையையும் கடற்புல்லையும் ஏறக்குறைய சரிபாதியாகத் தின்ற உயிரின் கார்பன், மிதவைப் பாசி தின்றதைப் போலவே காட்டும். அங்கே கந்தகம் கைகொடுக்கிறது. கடல்நீரின் சல்பேட்டில் கந்தக-34 அளவு பிளஸ் 21. காற்றில்லாத அலையாத்திச் சேற்றில் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் சல்பைடில் அது மிகவும் குறைவு. அந்தச் சேற்றில் வேரூன்றிய மரத்தின் இலையை உண்டதையும், கடல்நீரில் மிதக்கும் பாசியை உண்டதையும் பிரித்துச் சொல்ல மூன்றாவதாக அந்த எண்ணையும் அளக்கிறார்கள்.